கண்டென்சர் என்ற பழைய பெயர்

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், "கண்டென்சர் போயிருக்கும் சார்" என்பார் மெக்கானிக். அவர் மாற்றுகிற 2.5 மைக்ரோஃபாரட் டப்பாவின் மேல் அச்சாகியிருப்பது 'கெப்பாசிட்டர்'. பள்ளிப் புத்தகத்தில் அதுவே மின்தேக்கி. மூன்றில் மூத்தது மெக்கானிக் வாயில் இருக்கும் பெயர்தான்.

அதைத் தந்தவர் இத்தாலியின் அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டா. பளிங்குப் பலகைமேல் உலோகத் தட்டை வைத்து, கருவிக்கே எட்டாத மெல்லிய மின்னூட்டத்தை அதில் சேர்த்தார். தட்டைத் தூக்கியதும் மின்காட்டி அசைந்தது. சிதறிக் கிடந்ததைச் செறிவாக்கியது என்ற பொருளில் அதைக் 'கொண்டென்சாத்தோரே' என்றார். 1782இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. மின்சாரத்தை ஒரு பாய்மமாக எண்ணிய காலத்துக்கு இயல்பாக வந்த பெயர் அது. அதற்கு முன்பே, 1745-46இல், மின்னூட்டத்தைத் தேக்கும் லெய்டன் சாடி பிறந்துவிட்டது. அந்தச் சாடியின் பெயரால் 'ஜார்' என்ற அலகையே பிரிட்டிஷ் கடற்படை வெகுகாலம் வைத்திருந்தது: 900 ஜார் ஒரு மைக்ரோஃபாரட்.

சிக்கல் நீராவியால் வந்தது. ஜேம்ஸ் வாட் 1769இல் காப்புரிமை பெற்ற நீராவி குளிர்விப்பானுக்கும் கண்டென்சர் என்றே பெயர். ஒரே மின்நிலையத்தில் இரண்டும் இருந்தால் குழப்பம்தானே? இருபதாம் நூற்றாண்டில் பொறியாளர்கள் மெல்ல கெப்பாசிட்டருக்கு மாறினார்கள். 'கொள்ளும் திறனுடைய' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'கொள்ளளவி' அந்த வேரோடு அழகாகப் பொருந்துகிறது.

ரேடியோக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. பழைய வால்வு ரேடியோவைத் திறந்தால் ஸ்டேஷன் பிடிக்கும் கேங்க் கண்டென்சர் முதலில் கண்ணில் படும். அதன் தகடுகளுக்கு இடையே வெறும் காற்றுதான். தூசியைத் தட்டினால் பெரும்பாலும் போதும். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் அப்படியில்லை. ஆண்டுக்கணக்கில் ஈரம் குடித்துக் கசியும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் இணைப்பில் இருப்பது கசிந்தால், அங்கே வரக்கூடாத நேர்மின்னழுத்தம் வந்து, வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோவதும் உண்டு. செட்டுக்கு முழு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கண்டென்சரை மாற்றிவிட வேண்டும். 0.05 என்று போட்டிருந்தால் இன்று கிடைக்கும் 0.047 போதும். ஒலிபெருக்கி 'உம்ம்' என்று முனகினால், பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் வறண்டிருக்கலாம்.

மதிப்பைப் படிக்கும்போது மட்டும் கவனம் தேவை. அந்நாள் செட்டுகளில் 'எம்எஃப்டி' என்றால் மைக்ரோஃபாரட். 'எம்எம்எஃப்' என்று எம் இரட்டித்தால் மைக்ரோமைக்ரோஃபாரட், அதாவது இன்றைய பிக்கோஃபாரட். இரண்டுக்கும் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம்.

பெயர்களில் என் வாக்கு மின்தேக்கிக்குத்தான். கண்டென்சர் என்பது வோல்ட்டா கண்ட விளைவைச் சொல்கிறது. கெப்பாசிட்டர் அளவைச் சொல்கிறது. தேக்கி செய்யும் வேலையையே சொல்லிவிடுகிறது. வால்வு ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும், பவர் சப்ளையில் நல்ல நிலையிலுள்ள ஃபில்ட்டர் கண்டென்சர் பல நூறு வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே சால்டரிங் அயனை எடுப்பார்கள் அனுபவசாலிகள்.