அணைத்தால் அணைய வேண்டுமே!

"உன் துறை சம்பந்தமா எழுது, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று மலர்க் குழுவினர் சொல்லிவிட்டார்கள். ஆகவே கம்ப்யூட்டரை அணைப்பது பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்! அணைப்பதில் என்ன பெரிய வரலாறு என்றுதான் 2014 பொங்கல் வரை நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் திண்ணனூர் நாடு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டும். நம் கல்லூரியை விட்டு வேலைக்குப் போன 2013-இல், மாமாவின் மிளகு, காபிக் கணக்குக்காக ஒரு புது கம்ப்யூட்டர் வாங்கி லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். டிசம்பரில் ஊருக்குப் போனபோது கெர்னலைப் புதுப்பித்தும் வைத்தேன். பொங்கலுக்குப் போனதும் மாமா பிடித்துக்கொண்டார்.

"என்ன மாப்ள, தூங்கப் போட்ட குழந்தையாட்டம் இது மறுபடி மறுபடி எந்திரிச்சுக்குது?"

உண்மைதான். ஷட்டவுன் கொடுத்தால் திரை இருளும். இரண்டு விநாடியில் ஃபேன் மறுபடி சுற்றும். மின்வெட்டுக் காலம் அது. மாமா கவனிக்காமல் படுத்துவிட்டால், இரவு கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் பாட்டரியை விடிவதற்குள் குடித்துவிடும். காலையில் லைட்டும் இல்லை, கணக்கும் இல்லை. நான் முதலில் இன்வெர்ட்டரைச் சந்தேகப்பட்டேன், பிறகு பவர் சப்ளையை. இரண்டின் மேலும் தப்பில்லை.

பழைய பெட்டிகளில் இந்த வம்பே கிடையாது. முன்பக்க ஸ்விட்ச் மின்சாரத்தையே நேராகத் துண்டித்துவிடும். "இனி அணைக்கலாம்" என்று விண்டோஸ் 95 ஆரஞ்சு எழுத்தில் அனுமதி கொடுக்கும். நாம் எழுந்து ஸ்விட்சைத் தட்டுவோம். பள்ளி லேபில் அந்த எழுத்துக்காகக் காத்திருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதிலிருந்து முன்பக்கப் பட்டன் வெறும் விண்ணப்பம்தான். அணைந்திருக்கும்போதும் மதர்போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அணைக்கும் வேலை சாஃப்ட்வேர் தலையில் விழுந்தது.

அதற்கான ஏற்பாட்டை இன்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் 1992-லேயே செய்திருந்தன. ஏ.பி.எம். என்று பெயர். அதில் ஆபரேட்டிங் சிஸ்டம் "அணைத்துவிடு" என்று கேட்கும். மீதியை மதர்போர்டில் இருக்கும் பயாஸ் பார்த்துக்கொள்ளும். 1996 டிசம்பரில் இவர்களோடு தோஷிபாவும் சேர்ந்து வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. இதைத் தலைகீழாக்கியது. பயாஸ் ஓர் அட்டவணையை நீட்டும். அதைப் படித்து நடத்த வேண்டியது ஆபரேட்டிங் சிஸ்டம். எஸ்0 என்றால் விழித்திருப்பது, எஸ்5 என்றால் அணைந்துபோவது. அட்டவணையில் எஸ்5-க்குக் கொடுத்திருக்கும் எண்ணைக் குறிப்பிட்ட ரிஜிஸ்டரில் எழுதினால் முடிந்தது.

ஆனால் எழுதுமுன், கம்ப்யூட்டரை எழுப்பக்கூடிய நெட்வொர்க் கார்டு, யு.எஸ்.பி. போன்றவற்றை யாராவது தூங்கவைக்க வேண்டுமே! அது யார்? பயாஸ் எழுதியவர் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்யும் என்று நினைப்பார். அந்தப் பக்கம் இருப்பவர் பயாஸ் செய்யும் என்று நினைப்பார். போர்டு கம்பெனிகள் பெரும்பாலும் விண்டோஸில் சரியாக அணைந்தால் சரக்கை அனுப்பிவிடும். லினக்ஸ்காரர்கள்தான் ஒவ்வொரு போர்டாகத் தடுமாற வேண்டியிருந்தது. (ஏ.சி.பி.ஐ.யை விண்டோஸுக்கு மட்டும் உரியதாக்க முடியாதா என்று 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் ஒரு மின்னஞ்சலில் யோசித்திருக்கிறார். பின்னாளில் அயோவா மாநில வழக்கு ஒன்றில் அது வெளியே வந்தது. நடந்தது அதுவல்ல என்றாலும் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.)

2013-இல் இன்டெல்லின் ஹாஸ்வெல் கம்ப்யூட்டர்கள் சில, அணைத்த பிறகு தாமாக விழித்துக்கொண்டன. தகாஷி இவாய் என்பவர் லினக்ஸின் ஒலிப் பகுதியைப் பராமரிப்பவர். அவர் பயாஸ் பொறியாளர்களிடமே கேட்டார். எழுப்பக்கூடிய கருவிகளை எல்லாம் டி3 என்ற உறக்க நிலையில் விட்டுவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்று புது பயாஸ் எதிர்பார்க்கிறதாம். லினக்ஸின் யு.எஸ்.பி. 3 டிரைவர் அப்படிச் செய்வதில்லை. செப்டம்பரில் அவர் எழுதிய திருத்தம் சில வரிகள்தான்: கண்ட்ரோலரை ரீசெட் செய், டி3-க்கு அனுப்பு.

கதை அங்கே முடியவில்லை. அதுவரை ஒழுங்காக அணைந்துகொண்டிருந்த வேறு கம்ப்யூட்டர்கள் இந்தத் திருத்தத்தால் அணைத்ததும் ரீபூட் ஆகத் தொடங்கின! ஒரு பயாஸின் குறையைச் சரிசெய்யப் போய் இன்னொரு பயாஸின் குறை கிளம்பிவிட்டது. டிசம்பரில் இவாயே, தன் திருத்தம் ஹெச்.பி. கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார். அந்த விழிப்பு அவற்றில்தான் உறுதியாகியிருந்தது. 2014-இல் இன்னொருவர், அணைக்குமுன் யு.எஸ்.பி. போர்ட்களைப் பழைய கண்ட்ரோலருக்கு மாற்றிவிடும் வழியை இதே ஹாஸ்வெல் சிப்செட்டுக்கும் சேர்த்தார்.

மாமாவின் பெட்டி ஹாஸ்வெல், ஆனால் வேறு கம்பெனி. நான் போட்டுவிட்டு வந்த கெர்னலில் முதல் திருத்தம் மட்டும் இருந்தது, இரண்டாவது இல்லை. நல்லது செய்வதாக நினைத்து நானேதான் கெடுத்திருக்கிறேன்! மலையில் அன்று அவ்வளவு பெரிய ஃபைலை டவுன்லோட் செய்ய வழியில்லை. பிப்ரவரியில் புது கெர்னலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

போட்டு, ஷட்டவுன் கொடுத்துவிட்டு, நானும் மாமாவும் காபி குடித்தபடி அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எழவில்லை.

"சரியாப் போச்சு மாமா."

"சரி மாப்ள" என்றவர், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் படுக்கப் போனார்.