காத்திருப்பும் கண்காணிப்பும்: மரக்காணம் உப்பளக் கரையில் புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை முடிவு

முன்னுரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கூனிமேடு இருக்கிறது. அதற்கும் வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். கடலிலும் அளத்திலும் உழைத்து அறுபதைத் தாண்டும் ஆண்களில் பலரை வாட்டும், ஆனால் வீட்டில்கூடப் பேசப்படாத தொல்லை புராஸ்டேட் வீக்கம். சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சூழ்ந்திருக்கும் இச்சுரப்பி வயதோடு பெருத்து நீர்ப்பாதையை நெருக்குகிறது. இவ்வீக்கம் புற்றுநோய் அன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் விரல் பரிசோதனையும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் குறித்து மருத்துவரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

ஆபரேஷன் செய்துகொள்வதா, வேண்டாமா? சிறுநீரகத்துக்கு ஆபத்து இல்லாதவரை, நோயாளி படும் அவதியே இதை முடிவு செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஆனால் உப்பளக் கரையில் அந்த ஆபத்து இல்லை என்பதைச் சோதித்துப் பார்க்காமல் சொல்லிவிட முடியாது. எனவே கண்காணிப்பு இருந்தால்தான் காத்திருப்பைச் சிகிச்சை என்று சொல்ல முடியும்.

தள்ளிப்போடக் கூடாத நிலைகள்

சில நிலைகளில் விருப்பத்துக்கு அதிக இடமில்லை. சிறுநீர் வடிக்க வைத்த டியூபை எடுத்ததும் மறுபடி மறுபடி நீர் அடைத்துக்கொள்வது, அடைப்பால் சிறுநீரகம் பழுதாவது, சிறுநீர்ப்பையில் கல் சேர்வது, அடிக்கடி கிருமித்தொற்று வருவது, மருந்துக்கு அடங்காமல் ரத்தம் போவது ஆகியவை அறுவைக்கு உரிய காரணங்கள்.

இவற்றுள் சிறுநீரகப் பழுது வலியில்லாமல் வரக்கூடியது. பகலில் பெரிய தொந்தரவு எதுவும் சொல்லாத முதியவர் இரவில் பாயை நனைக்கத் தொடங்குகிறார். வயதாகிவிட்டது என்று வீட்டார் துணியை மாற்றிப் போடுகிறார்கள். நிரம்பிய பை வழிவதால் வரும் அறிகுறியாக அது இருக்கலாம். பையின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருக்கலாம். நீர் கழித்தபின் எவ்வளவு தங்குகிறது என்று காட்டும் ஸ்கேனும், சிறுநீரகச் செயல்திறனைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் இதைக் கண்டுபிடித்துவிடும்.

அவதியே அளவுகோல்

இந்நிலைகள் இல்லாதவர்களுக்கு விடை ஸ்கேன் அறிக்கையில் இல்லை. சுரப்பி 60 கிராம் என்று எழுதியிருப்பதைக் கண்டு மிரள்வோர் பலர். சுரப்பியின் பருமனும் தொல்லையின் அளவும் ஒத்துப்போவதில்லை என்பது நன்கு அறியப்பட்டது.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், புராஸ்டேட் அறுவை செய்யப்படும் வீதம் ஊருக்கு ஊர் பெரிதும் மாறுவதை மருத்துவ ஆய்வாளர் ஜான் வென்பர்க் கண்டார். நோயைவிட அந்தந்த ஊர் மருத்துவர்களின் வழக்கமே அந்த மாறுபாட்டை விளக்கியது. அவரும் கூட்டாளிகளும் செய்த தொடர் ஆய்வுகள் நோயாளியின் விருப்பத்தை முடிவின் நடுவே வைத்தன. 1995இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. நடுத்தர அளவில் தொல்லை இருந்த 556 பேரில் 280 பேர் அறுவைக்கும் 276 பேர் கண்காணிப்புக்கும் ஒதுக்கப்பட்டனர். சுமார் மூன்று ஆண்டுகளில் சிகிச்சை தோற்றவர்கள் முதற்குழுவில் 23 பேர், மற்றதில் 47 பேர். அறுவைதான் மேல் என்று இதிலிருந்து முடிவுகட்டலாம். ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர்க்கு அந்த மூன்றாண்டுகளில் அறுவை தேவைப்படவில்லை. தொடக்கத்திலேயே மிகுந்த அவதியில் இருந்தவர்களே அறுவையால் அதிகம் பயன்பெற்றார்கள்.

அவதியை அளக்க உலகெங்கும் பயன்படுவது ஏழு கேள்விகள் கொண்ட மதிப்பெண் பட்டியல். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமை. இதே நிலையில் வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று தனியே ஒரு கேள்வியும் உண்டு. என் பார்வையில் எல்லாவற்றிலும் கனமானது அதுதான். கூனிமேடு இஸ்லாமியர் கணிசமாக வாழும் ஊர். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவைச் செய்தபின் இரண்டு சொட்டு நீர் கசிந்தால் மறுபடி கழுவ வேண்டும் என்பதால் பள்ளிவாசலுக்குப் போவதையே குறைத்துக்கொள்பவருக்குப் பட்டியலில் மதிப்பெண் குறைவாக வரலாம். அவர் படும் அவதி குறைவானதன்று. எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சுரப்பியின் உட்பகுதியைச் சுரண்டி எடுக்கும் வழக்கமான அறுவைக்குப் பின் பாதிக்கு மேற்பட்டோர்க்கு விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லாமல் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

உப்பளத்தின் தனிக் கணக்கு

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு மீறிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. சிலருக்குச் சிறுநீரகச் செயல்திறனும் குறைந்திருந்தது. நிழலும் கழிப்பறையும் இல்லாத இடத்தில், அடிக்கடி நீர் கழிக்க வேண்டியவர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார். வெப்பம் ஒருபுறமும் அடைப்பு மறுபுறமுமாக ஒரே உறுப்பைத் தாக்குகின்றன.

மாத்திரைக்கும் இங்கே தனிக் கவனம் வேண்டும். டாம்சுலோசின் போன்றவை நீர்ப்பாதையைத் தளர்த்துவதோடு, எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தத்தைச் சரித்துத் தலைசுற்றலைத் தரலாம். உடல் வற்றிய நிலையில் வெயிலில் உப்புச் சுமப்பவருக்கு அது விழுந்து அடிபடும் ஆபத்து. இரவு உணவுக்குப் பின் சாப்பிடலாமா என்பதையும், ரத்த அழுத்த மாத்திரைகளோடு அது எப்படிச் சேரும் என்பதையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைடு பலன் தர ஆறு மாதம் வரை ஆகலாம். 3,047 பேரைச் சேர்த்து 2003இல் வெளியான ஆய்வில், இருவகை மருந்தும் சேர்ந்து நோய் முற்றும் வாய்ப்பை 66 விழுக்காடு குறைத்தன.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. அவசரம் இல்லாதவர் வடகிழக்குப் பருவமழையில் அளம் ஓயும் மாதங்களை அறுவைக்குத் தேர்ந்தால் கூலி இழப்பு குறையும்.

ஒரு மறுப்பு

காத்திருக்கச் சொல்வது ஏழையைக் கைவிடுவதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1995ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் காத்திருந்தவர்கள் குறித்த காலத்தில் அழைத்துச் சோதிக்கப்பட்டவர்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் அவர்களது முடிவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வது தவறு. ஆனால் அதற்காக எல்லோரையும் மேசையில் படுக்கவைப்பதும் தீர்வாகாது. சர்க்கரை நோயால் சிறுநீர்ப்பைத் தசையே தளர்ந்தவருக்கு அடைப்பை நீக்கினாலும் நீர் முழுதாகப் பிரியாமல் போகலாம்.

முடிவுரை

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதே பணியாளர்கள் அறுபது கடந்த ஆண்களிடம் அந்த ஏழு கேள்விகளையும், இரவில் படுக்கை நனைகிறதா என்பதையும் கேட்க வேண்டும். தொல்லை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை கிரியாட்டினின் பரிசோதனையும் ஸ்கேனும் மரக்காணத்திலேயே கிடைக்க வேண்டும். தேவைப்படுவோரை முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பவும் வழி வேண்டும். உப்பளங்களில் நிழலும் குடிநீரும் கழிப்பறையும் அமைப்பதையும் இச்சிகிச்சையின் பகுதியாகவே கருத வேண்டும். இவ்வளவும் கிடைத்தால்தான் கூனிமேட்டு முதியவர் ஒருவர் ஆபரேஷன் வேண்டும் என்றோ இப்போதைக்கு வேண்டாம் என்றோ சொல்வது அவருடைய சொந்த முடிவாக இருக்கும்.