இரும்புக்கையும் பென்சில் எழுத்தும்

அமெரிக்காவிலே சிக்காகோ நகரில் மாண்ட்கோமரி வார்டு என்று ஒரு வியாபாரம் இருந்தது. 1872-ஆம் வருஷம் தொடங்கியது. விலைப்பட்டியலைத் தபாலில் அனுப்பி, பட்டிக்காட்டு விவசாயியும் வீட்டில் உட்கார்ந்தபடியே சாமான் வாங்க வழி செய்தவர்கள் அவர்கள். பிற்பாடு ஊர் ஊராகக் கடைகளும் திறந்தார்கள். 2001-ல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். கடை போனது, ஆனால் அந்தக் கடையின் பெயரைச் சொல்லிக்கொண்டு பொம்மை தேடுகிறவர்கள் இன்னும் போகவில்லை.

மீகோ என்ற கம்பெனி 1972 முதல் சூப்பர்மேன், பேட்மேன் முதலான அசகாய சூரர்களை எட்டு அங்குல உயரப் பொம்மைகளாக்கி, நிஜத் துணியில் உடை தைத்துப் போட்டு விற்றது. 1974-ல் மாண்ட்கோமரி வார்டுக்கென்று மட்டும் நாலு பொம்மைகள் செய்து கொடுத்தது. சூரர்கள் ஊருக்குள் நடமாடும்போது பூண்டிருக்கும் சாதாரண வேஷங்கள் அவை. சூப்பர்மேன் இடத்தில் பத்திரிகை நிருபர் கிளார்க் கென்ட். சிலந்தி மனிதன் இடத்தில் பீட்டர் பார்க்கர். ஆகாயத்தில் பறக்கிறவனை விட்டுவிட்டு, கோட்டும் மூக்குக் கண்ணாடியும் போட்ட குமாஸ்தாவைத்தான் வேண்டும் என்று எந்தக் குழந்தை அழும்? ஆனால் இன்றைக்குச் சேகரிப்போர் தவம் கிடப்பது அந்தக் குமாஸ்தாவுக்குத்தான்!

இந்தப் பைத்தியத்தைக் கேட்டுச் சிரிக்க எனக்கு உரிமை கிடையாது. எங்கள் ஜில்லாவிலும் இது உண்டு. மீகோ சூரர்கள் புறப்பட்ட அதே 1972-ல், ஜனவரி மாதம், சிவகாசியில் சௌந்தரபாண்டியன் என்பவர் முத்து காமிக்ஸ் என்ற படக்கதைப் புத்தகத்தை வெளியிட்டார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'.

சிவகாசிக்கு அச்சு வந்த கதை பலரும் அறிந்ததே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். யானை, மயில், கிளி என்று வர்ணம் வர்ணமாக அச்சடித்த ஊருக்குப் படக்கதை அந்நியமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் தீப்பெட்டிப் படம் சேர்க்காத பையனை நான் பார்த்ததில்லை. படக்கதை சேர்க்கும் ஆசைக்கு அதுதான் அரிச்சுவடி.

மாயாவியின் பூர்வீகம் வேறு. 1962-ல் லண்டனில் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகைக்காக உண்டானவன் அவன். வரைந்தவர் பார்சலோனா நகரத்து ஜீசஸ் பிளாஸ்கோ. விபத்தில் வலக்கை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன் மீது மின்சாரம் பாய்கிறது. உடம்பு முழுதும் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. முதலில் அவன் அசல் திருடன்! கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நல்லவனாகிறான். நம் பையன்களுக்கு அதனால் அவன் மேல் மதிப்புக் குறையவில்லை. ஸ்பெயின்காரர் வரைந்து, ஆங்கிலேயர் பேசவிட்ட கையை, ராஜபாளையத்துப் பையன் ஒருவன் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தான்.

1984-ல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸ் தொடங்கினார். அதில் வந்த ஸ்பைடரின் பல கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். சிக்காகோக் கடையின் குமாஸ்தாவுக்கும் சிவகாசி ஸ்பைடருக்கும் தகப்பன் ஒருவரே என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்க் கடைகளில் மாயாவிக்குப் பொம்மை விற்று நான் கண்டதில்லை. காகிதம்தான் பொம்மை. பெட்டிக்கடையில் கொடிகட்டித் தொங்கும். வாங்கக் காசில்லாதவர்களுக்கு வாடகை உண்டு. கோடை விடுமுறை வந்தால் ஏதாவது ஒரு திண்ணையில் ஒரு பையன் இருபது புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு முதலாளியாகிவிடுவான். அங்கேயே உட்கார்ந்து படித்தால் ஒரு விலை, வீட்டுக்கு எடுத்துப் போனால் ஒரு விலை. பெரியவர்கள் இதைப் புத்தகக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-லேயே பென்னிங்டன் நூல் நிலையம் ஏற்பட்டிருக்கிறது. படிப்பின் அருமை தெரியாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் மாயாவிக்கு வாய்த்த கதி பழைய பேப்பர் கடைத் தராசுதான். பாதிப் பிரதிகள் பொட்டுக்கடலை மடித்துக் கொடுத்தே தீர்ந்திருக்கும்.

தப்பியவற்றுக்கு இப்போது வந்திருக்கும் மவுசைச் சொல்லி முடியாது. வியாபாரிகள் புத்தகத்தைத் திறந்து கதை பார்ப்பதில்லை. அட்டை கிழிந்திருக்கிறதா, முதுகில் துரு ஏறியிருக்கிறதா, உள்ளே பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பெயர் எழுதியிருந்தால் விலை குறைவு. இது எனக்கு விநோதமாகப் படுகிறது. ஒரு பிரதியை யார் படித்தார், எந்தத் தெருவில் படித்தார் என்பதற்கு வேறு சாட்சி ஏது? சரித்திரம் எழுதுகிறவன் தேடும் பொருளுக்குச் சந்தையில் ஊனம் என்று பெயர்!

ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். தகர டிரங்குப் பெட்டியில் நூற்றுக்கு மேல் வைத்திருக்கிறார். சென்ற வருஷம் அவரைப் பார்க்கப் போனபோது ஒரு மாயாவிப் பிரதியை எடுத்துக் காட்டினார். கடைசித் தாள் இல்லை. முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள், மூன்று கையெழுத்து. ஒன்றின் கீழே, 'ஏழாம் வகுப்பு பி, மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று விலாசம். இன்னொன்றின் கீழே, திருடுகிறவன் கண் அவியும் என்று சாபம்.

"பின்னட்டையைத் திருப்பிப் பாருங்க" என்றார்.

உள்புறம் பென்சிலில் நாலு வரி. கடைசித் தாள் போன பிறகு, யாரோ ஒரு குழந்தை, அடுத்துப் படிக்கிறவர்களுக்காகக் கதையின் முடிவை எழுதி வைத்திருக்கிறது. மாயாவி தப்பித்து வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்க்கிறானாம்!

"மறுபதிப்பு வந்திருக்கே, அண்ணாச்சி. இந்த முடிவுதானா அதிலே?"

"எங்கே! அதிலே அம்மாவே கிடையாது. நானும் ரெண்டு தடவை தேடிட்டேன்."

மதுரையிலிருந்து வந்த ஒரு வியாபாரி இதற்கு நல்ல விலை பேசியிருக்கிறார். கடைசித் தாளை வேறு பிரதியிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பென்சில் எழுத்தை மட்டும் ரப்பர் போட்டு அழித்துத் தாருங்கள் என்றாராம். வீட்டில் மருமகள், கொடுத்துவிட்டால் குளியலறைக்கு ஓடு பதித்துவிடலாமே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் குளியலறையை நானும் பார்த்தேன்.

"அழிச்சுக் கொடுத்தீங்களா?"

"வேற நாலு சுத்தமான பிரதி இருந்துச்சு, அதைக் கொடுத்திட்டேன். பாதிச் சுவருக்கு ஓடு வந்திருக்கு." பிரதியை வாங்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, நடுவில் காய்ந்த வேப்பிலையை எடுத்துப்போட்டுவிட்டுப் புதிது வைத்தார். "மீதிச் சுவருக்கு அவ கேப்பா. அப்பப் பாத்துக்கலாம்."

நான் அந்த மூன்று பெயர்களையும் விலாசத்தையும் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். மறுவாரம் மடவார் வளாகத்தில் விசாரித்தபோது, அந்தக் குடும்பம் எப்போதோ கோயம்புத்தூருக்குப் போய்விட்டது என்றார்கள்.