கூடிக் கலை படைத்த கல்வி: அரங்கேற்றுகாதை தரும் சான்று

ஆடல், பாடல், கவி, கருவி ஆகிய கலைகள் ஒவ்வொன்றும் தனித்தனி இலக்கணமும் ஆசிரியரும் உடையன. ஆயினும் அரங்கிலே அவை ஒன்றி நின்றாலன்றிக் கூத்து நிகழாது. பலர் கூடி ஒன்றைப் படைக்குங்கால் ஒருவர் கலையை மற்றவர் எவ்வளவு அறிந்திருத்தல் வேண்டும்? அவ்வறிவை எங்ஙனம் பெறுவது? இவ்வினாக்களுக்குப் பண்டைத் தமிழர் கண்ட விடையைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை தெளிவாகக் காட்டுகின்றது.

சிலப்பதிகாரத்தின் காலம் கி. பி. 2ஆம் நூற்றாண்டு என்பாரும், அதற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது என்பாரும் உளர். அன்றியும் காப்பியம் கல்வெட்டன்று. புகார் நகரில் ஒருநாள் நிகழ்ந்ததை அவ்வாறே பதிந்து வைத்ததாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், கலைச்சொற்கள் இத்துணைச் செறிந்த ஒரு பகுதி வெறுங் கற்பனையில் எழுந்திருத்தல் அரிது. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்னும் ஐந்தினைத் தம் உரைக்குத் துணையாகக் குறிப்பிடுகின்றார். ஆதலின் இக்காதையின் பின்னே நூன்மரபு ஒன்று நின்றமை துணியப்படும்.

மாதவி ஆடல், பாடல், அழகு என்னும் மூன்றினும் குறைவின்றி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையிற் சோழமன்னன் அவையில் அரங்கேறினாள். அவள் பெருமையைக் கூறப் புகுந்த இளங்கோவடிகள், அவளுக்குத் துணைநின்ற ஆசிரியர்களின் இலக்கணத்தையே முதற்கண் விரித்துரைக்கின்றார். அவ்விலக்கணங்களை ஒப்புநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். எவருக்கும் தம் கலையறிவு மட்டும் தகுதியாக வைக்கப்படவில்லை.

ஆடலாசிரியன் கூத்துவகைகளோடு பாட்டும் கொட்டும் அறிந்தவன். இசையாசிரியன் யாழ், குழல், தாளம், மிடறு, தண்ணுமை, ஆடல் ஆகியவற்றை இசைவிக்க வல்லவன். அதனினும் மேலாகக் கவியின் உள்ளக்குறிப்பை உணர்ந்தவன். புலவனோ தமிழ் முழுதும் அறிந்ததோடு நாட்டிய நூலையும் கடைப்பிடித்தவன். இசையோன் விரித்த இசையின் போக்கை உணர்ந்து, அதற்கு இயையச் சொல்லை அமைப்பவன். பாட்டை எழுதிக் கொடுத்து அகன்றுவிடும் கவிஞனை இங்கே நாம் காணவில்லை. தண்ணுமையாசிரியன் அறியவேண்டியவற்றுள் தமிழும் ஒன்றாக எண்ணப்பட்டிருத்தல் வியப்பிற்குரியது. பிற கருவிகளில் இசை குறைந்தவிடத்து நிரப்பலும், மிகுந்தவிடத்து அடக்கலும் அவன் கடமை. குழலோன் தண்ணுமையோனோடு பொருந்தி நின்று, பாட்டின் சொல் சிதையாவண்ணம் எழுத்தெழுத்தாக இசைப்பவன். யாழாசிரியனும் இவ்வாறே குழலோடு பொருந்திப் பண்ணமைப்பவன்.

இவற்றால் அறியப்படுவது யாது? எல்லோரையும் ஏவும் தனித்தலைவன் ஒருவனை அடிகள் காட்டவில்லை. ஒவ்வொருவன் அறிவும் அயலவன் கலைக்குள் சிறிது புகுந்து நிற்பதனையே காட்டுகின்றார். எல்லைகள் இங்ஙனம் ஒன்றன்மேல் ஒன்று படிந்தமையாலேயே கூட்டுப்படைப்பு இயல்வதாயிற்று. அரங்கில் நிகழ்ந்ததும் அதுவே. குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும், அதன் பின்னர் முழவும் நின்றன. முழவோடு ஆமந்திரிகை கூடி இசைத்தது. ஒன்றை ஒன்று கேட்டுத் தொடரும் ஒழுங்கு அது. அரங்கு சமைத்தோரும் இவ்வொழுங்கிற்குப் புறம்பானவர் அல்லர். ஏழுகோல் அகலமும் எட்டுகோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாக அரங்கினை வகுத்து, தூணின் நிழல் ஆடுமிடத்தும் அவையிடத்தும் விழாதவாறு விளக்கு நிறுத்தினர். தச்சன் கலையும் ஆடலுக்கு இயைந்தே நின்றது.

இனி, இவ்வரலாற்றின் மறுபுறத்தையும் மறைத்தல் தகாது. மாதவிக்கு மன்னன் அளித்த பரிசு தலைக்கோற் பட்டமும், பச்சைமாலையும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் ஆகும். அம்மாலையை அத்தொகைக்கு விலைகூறுமாறு கூனி ஒருத்தி நகர நம்பியர் திரியும் மறுகில் நிறுத்தப்பட்டாள். கோவலன் அதனை வாங்கினான். ஆசிரியர் பலர் கூடி ஏழாண்டு வளர்த்த கலை, கற்றவளின் விருப்பத்தை வினவாமலே விலைப்பொருளாயிற்று. கலையைப் போற்றிய சமுதாயம் கலைமகளிரை அவ்வாறு போற்றவில்லை என்பதற்கு இஃதோர் சான்று.

கானல்வரியில் இருவருமே கலை வல்லார். மாதவி பண்ணமைத்துத் தந்த யாழைக் கோவலன் வாங்கி வாசித்துப் பாடினான். அவன் பாட்டில் வேறொரு குறிப்பு உண்டெனக் கருதிய அவள், தானும் வேறொரு குறிப்புடையாள் போலப் பாடினாள். அவன் அவளைப் பிரிந்தான். பண்ணும் தாளமும் பிழைத்தில. பிழைத்தது உள்ளக்குறிப்பை உணரும் திறமே. இசையாசிரியனுக்கு அடிகள் வகுத்த இலக்கணத்தின் ஆழம் இவ்விடத்தே விளங்குகின்றது.

இக்காதை ஈழத்தறிஞரையும் ஆட்கொண்டது. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய 1892ஆம் ஆண்டிலேயே காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், யாழாசிரியன் அமைதி கூறும் இருபத்தைந்து அடிகளுக்கு விரிவுரையாகவே யாழ்நூலை ஆக்கி 1947இல் அரங்கேற்றினார். தமிழ்ப்புலமையோடு அறிவியற் பயிற்சியும் பெற்றிருந்தமையாலேயே நரம்புகளின் அலகுகளைக் கணித்துக் காட்டுதல் அவருக்கு இயன்றது. பின்னர் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றினார். விடியுமளவும் களரியில் ஆடப்பட்ட கூத்து, சுருங்கிய நேரத்தில் மேடையில் நிகழ வேண்டியிருந்தது. ஏட்டுக்கல்வி பெற்றோர் மட்டக்களப்பு அண்ணாவிமாரிடம் ஆட்டமும் தாளமும் பயின்றனர். பாட்டும் மத்தளமும் ஆட்டமும் ஒருங்கே அறிந்த அண்ணாவியார் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்தார். அரங்கேற்றுகாதையின் நெறி மீண்டும் உயிர்த்ததெனல் மிகையாகாது.

நம் கல்லூரிகளில் இயலும் இசையும் நடனமும் வெவ்வேறு பாடவேளைகளாகவும் வெவ்வேறு போட்டிகளாகவும் பகுக்கப்பட்டுள்ளன. தனித்திறன் வளர்தற்கு அப்பகுப்பு வேண்டுவதே. ஆனால் பாடுவோன் ஆடுவோளின் அடியை அறியாமலும், கவி புனைவோன் தாளத்தை அறியாமலும் வளர்வாராயின், கலைவிழா அன்று அவர்கள் ஒரே மேடையில் நிற்பரேயன்றி ஒரே படைப்பில் நில்லார். ஆண்டிற்கு ஒருமுறையேனும் தண்ணுமை பயில்வோன் தமிழ் வகுப்பிலும், தமிழ் பயில்வோன் தண்ணுமையின் அருகிலும் அமர்வானாக. முன்னோர் ஏழாண்டிற் கண்ட பயனின் சிறுகூறாவது நமக்குக் கிட்டும்.