பட்டமும் புலமையும்: கும்பகோணம் கூறும் வரலாறு

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் இல்லங்களில் நிலவும் பதற்றத்தை யாவரும் அறிவர். மதிப்பெண் எவ்வளவு, எந்தக் கல்லூரி, எந்தப் பட்டம், எவ்வளவு ஊதியம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடுகிறோம். இளங்கலை போதாது, முதுகலை வேண்டும்; அதுவும் போதாது, மேலும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்னும் நெருக்கடி பெருகி வருகிறது. கல்வி மிகத் தொன்மையானது. ஆயினும், பல்கலைக்கழகச் சான்றிதழே பணிக்குத் திறவுகோல் என்னும் நிலை நம் நாட்டில் ஏற்பட்டு இருநூறு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடங்கள் முற்காலத்தில் பள்ளி எனப்பட்டன. அங்கே கற்பித்தலும் நிகழ்ந்தமையால், அச்சொல்லே பின்னர்க் கல்விக்கூடத்திற்கும் உரியதாயிற்று. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரவர், குரத்தியர், மாணாக்கர் ஆகியோரின் பெயர்கள் காணப்படுகின்றன. முதலாம் ஆதித்த சோழன் காலத்து விடால் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய 500 மாணவியரையும் குறிப்பிடுகிறது. ஒருவர் இன்ன ஆசிரியரின் மாணாக்கர் என்பதே அக்காலத்தில் அவரது கல்விக்குரிய அடையாளமாக விளங்கியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறியது. 1835-இல் பெண்டிங் பிரபு ஆங்கிலக் கல்விக்கு அரசின் ஆதரவை உறுதிப்படுத்தினார். 1844-இல் தலைமை ஆளுநர் ஹார்டிங், வங்காளத்தில் அரசுப் பணிக்கு ஆள் தெரிவு செய்கையில் புதிய முறைக் கல்வி பெற்றோருக்கு முன்னுரிமை தரவேண்டும் எனத் தீர்மானித்தார். 1854-இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையின் பயனாக, 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவை இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. பாடம் நடத்தியவை கல்லூரிகள்; பல்கலைக்கழகத்தின் முதன்மைப் பணியோ தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதாக இருந்தது. கற்பித்தல் ஓரிடத்திலும் மதிப்பிடுதல் வேறோரிடத்திலும் நிகழ்ந்த இந்த அமைப்பில், தேர்வுக்கு உரியதே கற்றற்குரியது என்னும் எண்ணம் வேரூன்றியது.

இம்மாற்றத்தின் நன்மையையும் குறையையும் கும்பகோணம் என்னும் ஓர் ஊரிலேயே காணலாம். அவ்வூரில் வாழ்ந்த மூவரின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும்.

முதலாமவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்த இவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். பட்டம் இவருக்கு அரசின் கணக்குத் துறையில் உயர் பணியை அளித்தது. பின்னர்ச் சட்டமும் பயின்று கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். அத்துடன் அமையாது ஏடுகளைத் தேடி அச்சேற்றினார். சமணப் பெருநூலாகிய சூளாமணி 1889-இல் இவரால் வெளிவந்தது.

இரண்டாமவர் உ. வே. சாமிநாதையர். பல்கலைக்கழகத் தேர்வு எதுவும் எழுதாதவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்பதே அவரது தகுதி. தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணியின்பால் ஈடுபடுத்தினார். அந்நூலின் சமயக் கருத்துகள் விளங்காமையால், அவ்வூர்ச் சமணர் வீதியை நாடிச் சென்றார் அவர். சிந்தாமணியை முறையாக ஓதி நிறைவு செய்வதையே ஒரு விழாவாகக் கொண்டாடிய குடும்பங்களை அங்கே கண்டார். எந்தப் பல்கலைக்கழகமும் தேர்வு வைத்திராத அம்மரபுக் கல்வியே அவருடைய ஐயங்களைத் தீர்த்தது. 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகமே அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துப் போற்றியது.

மூன்றாமவர் கணித மேதை இராமானுஜன். 1904-இல் அதே கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே ஆழ்ந்து பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டமின்றிப் பணி தேடி அலைந்து, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அவரது ஆற்றலை உணர்ந்த சிலரின் முயற்சியால், 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

இம்மூவரின் வரலாற்றைக் கொண்டு பட்டம் வீண் என்று முடிவு செய்தல் பிழையாகும். சாமிநாதையருக்குத் தியாகராச செட்டியாரும், இராமானுஜனுக்கு அவரது ஏட்டைப் பிரித்துப் பார்த்த அன்பர்களும் வாய்த்தனர். அத்தகைய துணை வாய்க்காத எளிய குடும்பத்துப் பிள்ளைக்குப் பரிந்துரை என்னும் கதவு திறவாது. முகம் பாராது விடைத்தாளைத் திருத்தும் தேர்வே அப்பிள்ளையின் நம்பிக்கை. 1929-இல் சென்னை மாகாணத்தில் பணித்தேர்வாணையம் அமைந்ததும் ஆள்தேர்வில் நடுநிலை பேணும் நோக்கினாலேயே. தலைமுறை தலைமுறையாக உழவிலும் சிறுதொழிலிலும் இருந்த குடும்பங்கள் பல, பட்டத்தின் வழியாகவே ஆசிரியரையும் மருத்துவரையும் அலுவலரையும் கண்டன.

ஆயினும் பட்டம் அரிதாக இருந்தபோது பெற்ற மதிப்பு, அது பரவலாகும்போது குறைகிறது. ஒரு பணிக்கு வருவோர் அனைவரும் இளங்கலை பெற்றிருப்பின், அவர்களுள் வேறுபாடு காண முதுகலை கேட்கப்படுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமென்னும் நான்காம் தொகுதிப் பணிகளுக்குப் பட்டதாரிகளும் பொறியாளர்களும் விண்ணப்பித்தலை இன்று காண்கிறோம். பணியின் தன்மை மாறாதிருக்கவும் வாயிற்படி மட்டும் உயர்கின்றது. அதற்கான பொருளையும் ஆண்டுகளையும் குடும்பங்களே செலவிடுகின்றன. மனச்சுமையைப் பிள்ளைகள் தாங்குகின்றனர்.

இந்நிலையில் பெற்றோர் செய்யத்தக்கவை சில உண்டு. பட்டத்தைத் தேடும் பிள்ளைக்குத் துணை நிற்றல் வேண்டும். தேர்வில் தவறிய பிள்ளையின் கையில் வேறென்ன திறன் உள்ளது என்று, அன்று இராமானுஜனின் ஏட்டைப் பிரித்துப் பார்த்தவர்களைப் போலப் பொறுமையுடன் பார்த்தல் வேண்டும். நம் இல்லங்களில் வழிவழியாக வந்த ஏடும் ஓதலும் உரையும், சான்றிதழ் தரா என்னும் காரணத்தால் அழிந்துவிடாமல் காத்தல் வேண்டும். கும்பகோணத்துச் சமணர் வீதியில் அன்று அம்மரபு அறுந்திருக்குமாயின், பெரும் புலவராகிய சாமிநாதையரும் ஐயம் தீராமலே திரும்பியிருப்பார்.