வாய் பூட்டப்பட்ட புண்

ஜொகூர் பாருவை அடுத்த தாம்போயில் மனநோயாளருக்கென ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1930களில் எழுந்தது, இன்று பெர்மாய் என்று பெயர். நம்மவர் ஒருவரையொருவர் ஏசும்போது மட்டுமே அவ்விடத்தை நினைப்பார்கள். அங்கிருந்து தொடங்கிய ஒரு சரித்திரம் நம் வீடுகளுக்கும் பொருந்துவதாகையால் அதை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

1941 நவம்பரில் ஆஸ்திரேலியப் படையின் ஆஸ்பத்திரி ஒன்று தாம்போய்க் கட்டிடங்களில் குடியேறிற்று. அதனுடன் வந்த தாதிகளில் ஒருவர் விவியன் புல்விங்கல். ஜப்பானியர் நெருங்கவே 1942 ஜனவரியில் அனைவரும் சிங்கப்பூருக்குப் பின்வாங்கினர். பிப்ரவரி 12இல் 65 ஆஸ்திரேலியத் தாதிகள் வைனர் புரூக் என்னும் கப்பலேறினர். 14இல் அக்கப்பல் பாங்காத் தீவருகே குண்டுக்கு இரையாயிற்று. கரைசேர்ந்தவர்களில் 22 தாதிகளை 16ஆந் தேதி ஜப்பானியச் சிப்பாய்கள் கடலுக்குள் நடக்கவிட்டுப் பின்னிருந்து சுட்டனர். பிழைத்தவர் புல்விங்கல் ஒருவரே.

1946இல் டோக்கியோ விசாரணையில் அவர் கொலைக்குச் சாட்சி சொன்னார். ஆனால் சுடப்படுமுன் அப்பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர் என்றும், அதைச் சொல்லாதபடி அவர் தடுக்கப்பட்டார் என்றும் வரலாற்றாசிரியை லினெட் சில்வர் 2019இல் எழுதினார். புல்விங்கலோ 2000இலேயே காலமாகிவிட்டார்.

மாண்டவர் குடும்பங்களுக்கு அவமானம் நேரும் என்பது காரணமாம். யார் செய்த குற்றத்திற்கு யாருக்கு அவமானம்? அடிபட்டவள் பேசுவதே மானக்கேடு என்னும் நியாயம் வெள்ளைக்காரரிடமும் இருந்தது போலும்! நம் லயங்களில் இது பழைய சரக்கு. குடித்துவிட்டு வந்து மனைவியின் தலைமயிரைப் பிடித்திழுப்பவனை அக்கம்பக்கத்தார் "குடும்ப விஷயம்" என்று விட்டுவிடுகிறார்கள். புல்லானாலும் புருஷன் என்று கிழவிகள் புத்தி சொல்லுகிறார்கள். மறுநாள் காலை அவள் பெரட்டுக்கு வராவிட்டால், செக்ரோல் எழுதும் நாமும் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறோம். காரணம் எழுத அப்புத்தகத்தில் இடமில்லை.

நிற்க. உள்ளத்திலும் புண் உண்டென்பதை வைத்திய உலகம் ஒப்புக்கொள்ள நெடுநாள் ஆயிற்று. முதல் உலக யுத்தத்தில் உடலில் காயமின்றியே நடுங்கிய சிப்பாய்களைப் பற்றி 1915இல் சார்ல்ஸ் மையர்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர் எழுதினார். பலரோ அவர்களைக் கோழைகள் என்றனர். ஓடிப்போனார்கள், கோழைத்தனம் காட்டினார்கள் என்றெல்லாம் அந்த யுத்தத்தில் சுடப்பட்ட 306 பிரிட்டிஷ் சேனை வீரர்களுக்கு 2006இல்தான் மன்னிப்புக் கிடைத்தது. 1980இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் இந்நோய்க்குத் தன் நூலில் இடமளித்தது. 1992இல் ஜூடித் ஹெர்மன் என்னும் வைத்தியர், போர்க்களத்துச் சிப்பாயின் புண்ணும் வீட்டில் வதைபட்ட பெண்ணின் புண்ணும் ஒரே இனத்தவை என்று நாட்டினார்.

அவர் காட்டிய வழியில் படிகள் மூன்று. முதலாவது அபயம்: அடி நிற்க வேண்டும், உறங்க இடம் வேண்டும். அதன் பின்னரே நடந்ததைத் தன் போக்கில், தன் வாயால் சொல்லி அழுதல். மூன்றாவது மனிதரோடு மீண்டும் இணைதல். நமது பஞ்சாயத்துகள் இதைத் தலைகீழாக்குகின்றன. அன்றிரவே அவளைப் புருஷனோடு சேர்த்துவைத்து, பேசக்கூடாதென்று சத்தியமும் வாங்குகின்றன! அபயமற்ற உடல் எப்போதும் காவலில் இருக்கிறது. கதவு சாத்தும் ஓசைக்கும் அதிர்கிறது. அவளைப் பேய் பிடித்தவள் என்று பூசாரியிடம் இழுத்துச் செல்வது எத்தகைய கொடுமை!

இப்புண்ணுக்குத் தமிழிலேயே நல்ல பெயர் உண்டு. யாழ்ப்பாணத்து மனநோய் வைத்தியர் தயா சோமசுந்தரம் யுத்தத்தால் சிதைந்த மக்களுக்கு வைத்தியம் செய்தபோது அதை மனவடு என்றார். மூச்சுப்பயிற்சி போன்று மக்கள் முன்பே அறிந்தவற்றையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். தன் கதையைத் தன் மொழியிலன்றி எவள் சொல்லுவாள்?

சட்டம் மெல்ல நடந்தது. இந்நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி 1996 ஜூன் 1இல் அமலுக்கு வந்தது. மனத்துக்கு விளைக்கும் தீங்கும் வன்முறையே என்பது 2012இல்தான் அதில் ஏறிற்று. 2017இன் திருத்தத்தால் சமூகநல அதிகாரியே 7 நாட்களுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். பிறன் மனைவியை ஆசைகாட்டி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கி, அவளைக் கணவனின் சொத்தாகவே பாவித்த 498ஆம் பிரிவைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பரில் செல்லாதென்றது. 1860இன் இந்தியச் சட்டத்திலிருந்து வந்த சரக்கு அது. இத்தனை காலம் அது உயிரோடிருந்தது வியப்பே.

உதவி கோருவோர்க்கு 15999 என்னும் அரசாங்கத் தொலைபேசி எண் உண்டு. சென்ற மாதம் நமது ஆபீசுச் சுவரில், பெரட்டு நேரம் எழுதிய தாளின் பக்கத்தில், இவ்வெண்ணைத் தமிழில் எழுதி ஒட்டினோம். மூன்றாம் நாள் எவரோ கிழித்துவிட்டனர். மறுபடியும் ஒட்டியிருக்கிறோம்.