சுரங்க ஊரின் நடுக்கள வீரர்: என்ஸோ ஷீஃபோவின் ஆட்ட வாழ்வும் ஓசூரும்

பெல்ஜியக் கால்பந்து வீரர் என்ஸோ ஷீஃபோவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய கால்களின் திறமையையே எழுதுகிறார்கள். அந்தக் கால்கள் ஓடி வளர்ந்த ஊர் பின்னுக்குப் போய்விடுகிறது. பெல்ஜியத்தின் லா லூவியேர், நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்த ஊர். 1946 ஜூனில் இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இத்தாலி ஆட்களை அனுப்பியது, பெல்ஜியம் நிலக்கரி கொடுத்தது. வந்தவர்களில் பலர் போர்க்கைதிகள் இருந்த கொட்டகைகளில்தான் முதலில் தங்கவைக்கப்பட்டார்கள். 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் சுரங்கத் தீவிபத்தில் மாண்ட 262 பேரில் 136 பேர் இத்தாலியர். ஆனாலும் குடும்பங்கள் வந்தன, வீடுகள் வந்தன. 1966இல் சிசிலியக் குடும்பமொன்றில் ஷீஃபோ பிறந்தபோது லா லூவியேர் குடியேறிய மக்களின் ஊராகிவிட்டிருந்தது.

முதலில் வேலை, அடுத்துக் குடும்பம், அதன்பின் உள்ளூர்க் கழகம் என்ற இந்த வரிசைதான் நடுக்கள வீரரை உருவாக்குகிறது என்பது என் வாதம். கோல் அடிப்பவருக்கு ஒரு நொடி போதும். நடுக்களத்தில் நிற்பவர் பத்துப் பேரின் ஓட்டத்தை முன்கூட்டியே அறிய வேண்டும்; ஒரே கூட்டத்தோடு ஆண்டுக்கணக்கில் ஆடினால்தான் அது வரும்.

ஷீஃபோவின் ஆட்ட வாழ்வே இதற்குச் சான்று. உள்ளூர்க் கழகத்தில் தொடங்கி ஆண்டர்லெக்ட் சென்று 1985, 1986, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளும் பெல்ஜிய லீக் பட்டம் வென்றார். 1984இல் பெல்ஜியக் குடியுரிமை பெற்று தேசிய அணிக்கு வந்தார். 1986 உலகக் கோப்பையில் சோவியத் அணிக்கு எதிராகப் பின்தங்கியிருந்தபோது முதலில் சமன் செய்த கோல் அவருடையது. கூடுதல் நேரத்தில் 4-3 என வென்ற பெல்ஜியம் அந்தத் தொடரில் நான்காமிடம் பெற்றது. 1987இல் மிலானின் இன்டர் கழகம் அவரை வாங்கியது. முன்னோர் நாடு, பெரிய கழகம். இருந்தும் ஒரே பருவத்தில் வெளியேற நேர்ந்தது. பிறகு பிரான்சின் சிறு நகரமான ஒசேரில், கீ ரூ என்ற பயிற்சியாளரிடம்தான் அவருடைய ஆட்டம் மீண்டது. திறமை மட்டுமே காரணமென்றால் மிலானில் அது எங்கே போயிற்று? தன்மீது நம்பிக்கை வைத்த கூட்டம் ஒசேரில் கிடைத்தது. 1998 வரை நான்கு உலகக் கோப்பைகளில் ஆடினார்.

ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலும் இதே வரிசை நடந்திருக்கிறது. பெங்களூரில் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை ஆலைகள் நிரந்தர வேலையும் கால்பந்து அணியும் சேர்த்தே தந்தன. அல்சூரை ஒட்டிய தமிழர் குடியிருப்பான கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் பெங்களூர் வீரர் சாரங்கபாணி ராமனுடையது.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலும் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகியவற்றின் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வேரூன்றினார்கள். இன்று ஒடிசா, ஜார்க்கண்டு, பீகாரிலிருந்து வருவோர் பலருக்கு ஒப்பந்த வேலை, விடுதிக் கட்டில், மாறி மாறி ஷிப்ட். லா லூவியேரின் கொட்டகைக் கட்டத்தில் அவர்கள் நிற்கிறார்கள். பெல்ஜியம் அந்தக் கட்டத்தைக் கடந்தது ஆட்டக்காரர்களைத் தேடியதால் அல்ல. தொழிலாளியின் குடும்பத்துக்கு இடம் கிடைத்ததால். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் புதிய தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போதே குடும்பக் குடியிருப்புக்கும் ஒரு மைதானத்துக்கும் அரசு இடம் ஒதுக்க வேண்டும்.